மேட்டில் மனை, பள்ளத்தில் வீட்டுவசதி

செங்கோட்டையிலிருந்து பண்பொழிக்கு வருகிற வழியில் வயலுக்குள் கல் ஊன்றியிருக்கிறார்கள். நாத்து நட்ட இடத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல். மலை தெரியும் மனை, சாரல் விழும் மனை, வாஸ்துப்படி மனை, வங்கிக் கடன் வசதி உண்டு. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனதிலிருந்து சென்ட் விலை ஏறிக்கொண்டே போகிறது. வயலை விற்றவருக்குப் பணம், வாங்கியவருக்குப் பத்திரம், நடுவில் நின்ற தரகருக்கு இரண்டு பக்கமும் கமிஷன். அந்த வயலில் தலைமுறை தலைமுறையாகக் களை பறித்தவளுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கு வேலை போயிற்று. மனை விலை ஏறிய அன்றே அவள் மகன் கல்யாணத்துக்குப் பிறகு தனிக் குடித்தனம் போக மூன்று சென்ட் வாங்கலாம் என்று வைத்திருந்த கனவும் போயிற்று. மண்ணைச் சமன் செய்யவும் கல் ஊன்றவும் அவனைத்தான் கூலிக்குக் கூப்பிட்டார்கள். அது ஒன்றுதான் பாக்கி.

இதே நேரத்தில் நகரங்களில், குளிரூட்டிய அரங்குகளில், வளரும் நகரங்களுக்கு எப்படி வீடு கட்டுவது என்று கருத்தரங்குகள் நடக்கின்றன. அங்கே மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கும். நீடித்த வளர்ச்சிக்கான வீடு. கட்டுப்படியாகும் வீடு. சமூக உணர்வுள்ள வீடு. அழகான சொற்கள்தான். ஆனால் சொல் அழகாக இருந்தால் அதைச் சேரிக்குள் ஒருமுறை கூட்டிக்கொண்டு வந்து பார்ப்பது நம்ம வழக்கம். வாசலில் நின்று செருப்பைக் கழற்றுகிறதா, மூக்கைப் பொத்துகிறதா என்று தெரிந்துவிடும்.

‘சமூகம்’ என்ற சொல்லையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் “தம்பி என்ன சமூகம்?” என்று கேட்டால் அவர் சமூகவியல் கேட்கவில்லை. சாதி கேட்கிறார். தாலுகா ஆபீஸில் சமூகச் சான்றிதழ் என்றால் சாதிச் சான்றிதழ். ஆக, சமூகமாகச் சேர்ந்து வாழும் குடியிருப்பு என்று இவர்கள் இன்று புதிதாகக் கண்டுபிடித்திருப்பது இந்த மண்ணில் இரண்டாயிரம் ஆண்டுப் பழசு. அக்ரகாரம் சமூகக் குடியிருப்புதான். பிள்ளைமார் தெரு சமூகக் குடியிருப்புதான். ஊருக்கு வெளியே, வாய்க்கால் கடைசியில், சுடுகாட்டுப் பாதையில் கிடக்கும் நம்ம தெருவும் சமூகக் குடியிருப்புதான். இந்தியாவின் முதல் நகரத் திட்ட அலுவலர் மநு. அவர் போட்ட லே-அவுட்டுக்கு இன்னும் ஒப்புதல் காலாவதியாகவில்லை.

இதைச் சொன்னால், “அதெல்லாம் கிராமத்தில், தோழர். நகரத்தில் யார் சாதி பார்க்கிறார்கள்?” என்கிறார்கள். நகரம் சாதியைக் கரைத்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிலும் பலருக்கு உண்டு. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புகழ்ந்தவர்களை அண்ணல் அம்பேத்கர் கிழித்தெறிந்தார். அதைப் படித்துவிட்டு நகரத்தை மோட்சம் என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் அதே அம்பேத்கருக்கு நகரம் என்ன கொடுத்தது? கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-ல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனவருக்குத் தலைநகரம் முழுக்கத் தேடியும் ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் ஒளிந்து தங்கினார். கண்டுபிடித்துத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். பூங்காவில் உட்கார்ந்து அழுதார். அரசியல் சட்டம் எழுதப்போகிற மனிதரின் வீட்டுவசதிப் பிரச்சினை அது. அவரிடம் வாடகை கொடுக்கப் பணம் இல்லாமல் இல்லை.

நூறு வருஷம் கழித்து மாறியது கேள்வி கேட்கும் விதம் மட்டும்தான். நான் எம்.ஏ. தமிழ் படிக்கும்போது பாளையங்கோட்டையில் ரூம் தேடி அலைந்த கதை இந்தப் பத்திரிகை வாசிப்பவர்களில் பாதிப் பேருடைய கதை. வீட்டுக்காரம்மா நல்லவர். மோர் கொடுத்தார். “எந்தூரு தம்பி?” என்றார். சொன்னேன். “அங்க எந்தத் தெரு?” என்றார். அவ்வளவுதான். தெருப் பெயர் சொன்னால் சாதி தெரிந்துவிடுகிற நாடு இது. “என் தங்கச்சி மகன் வர்றேன்னு சொல்லியிருக்கான்” என்றார். மோர் குடித்த டம்ளரை நான் கழுவி வைக்க வேண்டுமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். சென்னையில் இதைவிடச் சுருக்கம். ‘சைவம் மட்டும்’ என்று போர்டு மாட்டிவிடுகிறார்கள். மோர் கூட மிச்சம்.

தமிழ்நாட்டில் வாடகைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது, முன்பணத்துக்கு வரம்பு பேசுகிறது. சாதி பார்த்து வீடு மறுப்பவரைப் பற்றி அந்தச் சட்டத்துக்கு ஒரு கவலையும் இல்லை. டெல்லியைச் சுற்றியுள்ள நகரங்களில் சுகதேவ் தோரட் குழுவினர் பெயரை மட்டும் மாற்றி மாற்றி வாடகைக்கு வீடு கேட்டு ஆய்வு செய்தார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் கதவு சாத்தப்பட்டதைப் பதிவு செய்தார்கள். நம்ம ஊர் நகரத் திட்டப் படிப்புகளில் இதைப் பாடமாக வைத்தால் தெரியும், வீட்டுப் பற்றாக்குறை என்பது செங்கல் சிமெண்ட் பற்றாக்குறை மட்டும் இல்லை என்று.

சரி, தனியார்தான் அப்படி, அரசாங்கம்? அரசாங்கம் நமக்கு வீட்டுமனை கொடுக்கத் தனியாக ஒரு சட்டமே போட்டது. 1978-ம் ஆண்டு அரிசன நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம். நல்ல நோக்கம். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு முதல்முறையாக ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தது அதனால்தான். மறுக்கவில்லை. ஆனால் எங்கே கொடுத்தார்கள்? ஊருக்குள் நிலம் எடுக்கப் போனால் நில உடைமையாளர் கோர்ட்டுக்குப் போவார், கட்சிக்காரர் கலெக்டரிடம் போவார். கடைசியில் யாருக்கும் வேண்டாத இடம், குளத்து உள்வாய், ஓடைக் கரை, கல்லாங்குத்து நமக்கு வரும். அதற்கு ஒரு பெயர் வைப்பார்கள்: காலனி. பழைய சேரி ஊருக்குக் கிழக்கே இருந்தது என்றால் புதுச் சேரி அதற்கும் கிழக்கே. மநு வாய்மொழியாகச் சொன்னதை ஆதிதிராவிடர் நலத்துறை நில அளவைச் சங்கிலி பிடித்து அளந்து பட்டா போட்டுக் கொடுத்தது. 2025 ஏப்ரல் 29-ல் முதலமைச்சர் ஸ்டாலின் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதற்கு முந்தின வருஷம் கேரளாவில் அமைச்சர் ராதாகிருஷ்ணன் இதே மாதிரி ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். வரவேற்கிறோம். சொல் வலிக்கிற சொல்தான். ஆனால் போர்டில் பெயர் மாறிவிட்டால் தண்ணீர் தேங்கும் இடம் மாறிவிடுமா?

பள்ளத்தில் குடிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நடூர் சாட்சி. மேட்டுப்பாளையம் பக்கத்து நடூர். 2019 டிசம்பர் 2, விடிவதற்கு முன்னால் மழை. மேலே மாளிகை, அதற்கு உயரமான கருங்கல் மதில். கீழே ஓட்டு வீடுகளில் அருந்ததியர். மதில் சரிந்து தூங்கிக்கொண்டிருந்த பதினேழு பேர் செத்தார்கள். குழந்தைகளும் பெண்களும். அதைத் தீண்டாமைச் சுவர் என்று சொன்னபோது, இல்லை, அது வெறும் சுற்றுச்சுவர், கட்டுமானக் கோளாறு என்று விளக்கம் சொல்ல எத்தனை பேர் வந்தார்கள்! கட்டுமானக் கோளாறுதான் அய்யா. நாங்கள் வேறு என்ன சொல்கிறோம்? மேட்டில் இருப்பவன் தன் மதிலை எந்தப் பக்கம் சாய்த்துக் கட்டினாலும் விழுவது பள்ளத்தில் இருப்பவன் மேல்தான். இந்தக் கட்டுமானத்துக்கு என்ஜினியர் யார் என்றுதான் கேட்கிறோம். மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் சுவரை வெளிப்படையாகவே சாதிக்காகக் கட்டினார்கள். 2008 மே மாதம் அதில் ஒரு பகுதியை இடிக்கவே பெரிய போராட்டம் வேண்டியிருந்தது.

*

இப்போது சென்னைக்கு வருவோம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் செங்கோட்டையில் ராத்திரி ரயில் ஏறிக் காலையில் இறங்கும் ஊர். கட்டடக் கூலியாக, ஓட்டல் வேலையாக, இப்போது கம்பெனிச் செக்யூரிட்டியாக.

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கினார்கள். ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்பதாகச் சொன்னார்கள். ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வாரியம் முதல் காலத்தில் பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு கட்டியது. கடற்கரையில் மீனவர் இருந்த இடத்தில் மீனவர், புளியந்தோப்பில் இருந்தவர் புளியந்தோப்பில். வீடு சின்னது, சுவர் விரிந்தது, கக்கூஸ் அடைத்தது. ஆனாலும் வேலையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடந்து போகிற தூரம். 1971-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி சென்னையில் 1,202 பகுதிகளைக் குடிசைப் பகுதி என்று அறிவித்தார்கள். 1985-ல் இன்னும் 17. அதோடு சரி. அறிவித்தால் அங்கே தண்ணீர், விளக்கு, கழிவறை செய்து கொடுக்க வேண்டும். இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. அறிவிக்காவிட்டால் அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். ஆக, நாற்பது வருஷமாகச் சென்னையில் புதிதாக ஒரு குடிசைப் பகுதியும் உருவாகவில்லை. ஆக்கிரமிப்பாளர்கள் மட்டும்தான் உருவாகியிருக்கிறார்கள்! ஒரு பேனாவை மூடி வைத்ததன் மூலம் லட்சக்கணக்கான மனிதர்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளலாம் என்பதை இதைவிடச் சுத்தமாக யாரும் செய்து காட்டியதில்லை.

2000-ல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் வந்தது. பிறகு செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடி. நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்து இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கொட்டினார்கள் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். குப்பை லாரியில் சாமான்களோடு மனிதர்களை ஏற்றிக் கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் கட்டிய வீடு இருநூறு சதுர அடிக்கும் குறைவு. ஒரே அறையில் மாமியார், மருமகள், வயசுக்கு வந்த பெண், குடிக்கிற மகன். போனவர்களில் பெரும்பகுதி தலித்துகள். சொல்லித்தானா தெரிய வேண்டும்? நகரத்தின் மலத்தை அள்ளியவர்கள், பிணத்துக்குப் பறையடித்தவர்கள், மூட்டை சுமந்தவர்கள், பத்துப் பாத்திரம் தேய்த்தவர்கள். மயிலாப்பூரிலோ நுங்கம்பாக்கத்திலோ காலை ஆறு மணிக்கு வாசல் தெளிக்கப் போகிறவள் நாலு மணிக்கு எழுந்து பஸ் பிடிக்க வேண்டும். மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு பஸ்ஸுக்குப் போனது. அரசு சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் வந்தது 2021-ல்தான். அதற்குள் வேலையை விட்டவர்கள் விட்டாயிற்று, படிப்பை நிறுத்திய பிள்ளைகள் நிறுத்தியாயிற்று. வீட்டுக்கு விலை போட்டவர்கள் இந்தக் கணக்கை எங்கே எழுதினார்கள்? ‘கட்டுப்படியாகும் வீடு’ யாருக்குக் கட்டுப்படியாயிற்று? காலியான ஆற்றங்கரை நிலத்துக்குக் கட்டுப்படியாயிற்று.

கண்ணகி என்று பெயர் வைத்தார்களே, அதைச் சொல்ல வேண்டும். நீதி கேட்டு ஒரு நகரத்தையே எரித்தவள் பெயரை, நகரத்தை விட்டு விரட்டப்பட்டவர்களின் இடத்துக்கு வைத்தவர் யாரோ, அவருக்கு நகைச்சுவை உணர்ச்சி அதிகம். அந்தப் பெயரை விலாசத்தில் எழுதினால் வேலை கிடைக்காது, கடன் கிடைக்காது என்று ஆனது. ‘எந்தத் தெரு?’ என்று எங்களூரில் கேட்கிற கேள்வி சென்னையில் ‘எந்த நகர்?’ என்று ஆயிற்று. 2020-ல் அந்தச் சுவர்களில் பெயிண்ட் கம்பெனி பெரிய பெரிய ஓவியங்கள் வரைய உதவி செய்தது. பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தப் பெயரின் மேல் பூசிய சாதிக் கரையை அழித்தது ஓவியம் இல்லை. கபடி ஆடிய பெண்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் இருந்த கார்த்திகா, ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றுதான் ஊரெல்லாம் அறியப்பட்டாள். அவள் விளையாடக் கற்ற மண்ணைத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் யாரும் இல்லை. அந்தப் பெண்களே எடுத்துக்கொண்டது அது.

ஆற்றங்கரையிலிருந்து ஏன் எடுத்தார்கள்? இங்கேதான் அடுத்த அழகான சொல் வருகிறது: நீடித்த வளர்ச்சி, சுற்றுச்சூழல். கூவத்தைச் சுத்தப்படுத்த வேண்டும், 2015 டிசம்பர் வெள்ளம் மாதிரி இனி வரக்கூடாது, எனவே கரையோரக் குடிசைகளை அகற்ற வேண்டும். கூவம் கரையிலிருந்து மட்டும் பதினான்காயிரம் குடும்பங்களுக்கு மேல் கணக்கெடுத்தார்கள். கூவத்தில் சாக்கடையைத் திறந்துவிட்டது குடிசைவாசியா, குழாய் போட்டு இணைப்புக் கொடுத்த நகரமா? ஏரிகளைத் தூர்த்து மனை போட்டது யார்? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைத் தின்றது யார்? மென்பொருள் கம்பெனிகள், குப்பைக் கிடங்கு, கல்வி நிலையங்கள், போதாதென்று அரசாங்கத்தின் கடல் தொழில்நுட்பக் கழகமே அங்கேதான். 2022-ல் மிச்சமிருந்ததில் 1,248 ஹெக்டேரை ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். நல்லது. இதில் பெரிய வேடிக்கை: வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று கூவம், அடையாறு கரையிலிருந்து எடுத்தவர்களைக் கொண்டுபோய் வைத்த பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் இதே சதுப்பு நிலத்துக்கு நீர் போகும் வழியில்தான் இருக்கின்றன. மழை பெய்தால் செம்மஞ்சேரியில் வீட்டுக்குள் தண்ணீர். பெரும்பாக்கத்தில் லிப்ட் நின்றுபோனால் எட்டாவது மாடிக் கிழவி கீழே இறங்க முடியாது. நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று சொல்லி எடுத்து நீர்நிலையில் குடிவைக்கிற புத்திசாலித்தனத்தை என்ன சொல்ல! ஏழை நீரில் இருந்தால் ஆக்கிரமிப்பு, அரசாங்கம் அவனை நீரில் வைத்தால் மறுவாழ்வு.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்ஹாம் கால்வாய்க் கரை வீடுகளை இடித்தபோது ஒரு பெரியவர் தீக்குளித்துச் செத்தார். அதற்கு முந்தைய வருஷம்தான் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றியிருந்தார்கள். அதே வருஷம்தான் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் கையால் தடவினால் சுவர்ப்பூச்சு உதிர்ந்தது. வாழ்விடம் என்ற நல்ல தமிழ்ச் சொல் சிமெண்ட் கலவைக்குள் போகவில்லை போலும்.

வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது. இங்கேயே இருந்தது. 1977-க்குப் பிறகு உலக வங்கிக் கடனில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனையும் அடிப்படை வசதியும் என்று ஒரு திட்டம் நடந்தது. சின்னச் சின்ன மனை, சாலை, தண்ணீர், சாக்கடை. வீட்டை அவரவர் கையால், கையில் காசு வரும்போது கட்டிக்கொள்ளலாம். சின்ன மனையும் பெரிய மனையும் ஒரே பகுதியில் கலந்து போட்டார்கள். பிற்காலத்தில் உலக வங்கியே இது தோல்வி என்று கைவிட்டது. 2018-ல் அந்த வங்கியின் ஆய்வாளர்களே திரும்பப் போய்ப் பார்த்து, இல்லை, இந்த இடங்கள் நன்றாக வளர்ந்திருக்கின்றன என்று எழுதினார்கள். நான் உலக வங்கிக்கு வக்காலத்து வாங்குகிறவன் இல்லை. நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு மண்ணும் அதற்கு ஒரு பத்திரமும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால், கட்டத் தெரிந்த சனங்கள் நாங்கள். இந்த நாட்டின் எல்லா வீட்டையும் நாங்கள்தானே கட்டியிருக்கிறோம்? எங்களுக்கு வேண்டியது மண்.

மண் என்றதும் இன்னொன்று. குற்றாலம் பக்கத்துத் தங்கும் விடுதிகளில் இப்போது மண் சுவர், கீற்றுக் கொட்டகை, சாணி மெழுகிய தரை எல்லாம் பெரிய விலை. இயற்கையோடு இயைந்த வாழ்வாம். மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் என்ற மகான் ஏழைக்காக, குறைந்த செலவில், உள்ளூர் மண்ணில் கட்டச் சொன்ன முறை அது. அதைப் பணக்காரன் தன் தோட்ட வீட்டுக்கு எடுத்துக்கொண்டான். எங்க ஆத்தா அதே மண்ணைக் குழைத்து, அதே கீற்றை முடைந்து கட்டியிருந்தால் அது குடிசை. அது ஒழிக்கப்பட வேண்டியது. நான் குடிசைக்குப் புகழ் பாடவில்லை. 1968-ல் கீழ்வெண்மணியில் நாற்பத்து நாலு உயிர் கருகியது ஒரு குடிசைக்குள்தான். தீப்பிடிக்காத கூரை எங்களுக்கு அழகியல் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. அதனால்தான் கலைஞரின் கனவு இல்லம் என்று 2024-ல் அறிவித்ததை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறோம். 360 சதுர அடி, மூன்றரை லட்சம், 2030-க்குள் எட்டு லட்சம் வீடு. ஆனால் விண்ணப்பத்தோடு என்ன கேட்கிறார்கள்? சொந்தப் பட்டா. புறம்போக்கில் இருப்பவன், ஒரே பட்டாவில் நாலு அண்ணன் தம்பி குடும்பமாக நெருக்கி அடித்து வாழ்பவன், இவர்களுக்குக் கனவு உண்டு, இல்லம் இல்லை.

பட்டா எங்கே போயிற்று? 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் எழுதிய அறிக்கையின்மேல் 1892-ல் பஞ்சமருக்கு நிலம் கொடுக்க ஆணை வந்தது. சென்னை மாகாணத்தில் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பார்கள். அந்த நிலத்தை மற்றவர் வாங்கினால் செல்லாது என்பது நிபந்தனை. அதைக் கேட்டுப் போராடியதற்காக 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். காரணையில் அம்பேத்கர் சிலையை வைத்து மீட்கப் போன நிலம் அது. இன்று நகரம் வளர்கிற திசையெல்லாம் பஞ்சமி நிலம் புதைந்து கிடக்கிறது. அதன்மேல் பண்ணை வீடும் கல்லூரியும் மனைப்பிரிவும். நகர வளர்ச்சிக்கு நிலம் இல்லை என்கிறவர்களிடம் கேட்கிறோம்: எங்கள் நிலத்தை என்ன செய்தீர்கள்?

*

எங்கள் மலைத்தொடரின் தெற்கே மாஞ்சோலை. காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா கம்பெனி எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்கு 1929-ல் வாங்கியது. காட்டை வெட்டித் தேயிலை போட்டது நம்ம சனம். அட்டைக் கடியிலும் மலைக் குளிரிலும் லைன் வீட்டில் நாலு தலைமுறை. 1999-ல் கூலி கேட்டுத் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணியில் தள்ளியதில் பதினேழு பேர் செத்தது இந்தத் தொழிலாளர்களின் போராட்டத்தில்தான். 2024 ஜூனில் கம்பெனி வேலையை நிறுத்திவிட்டு வீட்டைக் காலி செய்யச் சொன்னது. காரணம்? புலிகள் காப்பகம். காடு நீடிக்க வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றம் தொழிலாளர்கள் அங்கேயே இருக்க வழி சொல்லவில்லை, அரசு மறுவாழ்வு கொடுக்கட்டும் என்றது. மலையிலிருந்து இறக்கி ரெட்டியார்பட்டி அடுக்குமாடியில் குடிவைப்பது அரசு சொல்லும் வழி. கம்பெனி காட்டைத் தின்ற நூறு வருஷமும் காடு நீடித்ததாம், கூலிக்காரன் கொல்லையில் நாலு வாழை வைத்தால் காடு அழிந்துவிடுமாம்! எஸ்டேட் வாழ்க்கை சொர்க்கம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த லைன் வீடும் ஒரு சேரிதான். ஆனால் கூவம் கரை, மாஞ்சோலை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறு சுத்தமாக வேண்டும் என்றாலும் நாம் போக வேண்டும், காடு பசுமையாக வேண்டும் என்றாலும் நாம் போக வேண்டும். இயற்கையைக் காப்பாற்றும் செலவை யார் தலையில் எழுதுவது என்ற கேள்வி வந்தால் கை தானாக ஒரே பக்கம் நீளுகிறது.

“எல்லாத்தையும் சாதியா பாக்காதீங்க. இது வர்க்கப் பிரச்சினை, வறுமைப் பிரச்சினை. நல்ல வீடு, நல்ல வேலை வந்துட்டா சாதி போயிரும்” என்று சொல்லும் தோழர்களுக்கு இரண்டு ஊர்ப் பெயர் சொல்கிறேன். ஒன்று கொடியன்குளம். 1995 ஆகஸ்ட் 31. அங்கே தலித்துகள் வளைகுடா போய்ச் சம்பாதித்து நல்ல வீடு கட்டியிருந்தார்கள். சீருடை போட்ட போலீஸ் வந்து தேடித் தேடி உடைத்தது அந்த வீடுகளைத்தான். டிவி, மின்விசிறி, தானியம். கிணற்றையும் விடவில்லை. இரண்டாவது தர்மபுரி நத்தம். 2012 நவம்பர் 7. நத்தத்திலும் அண்ணா நகரிலும் கொண்டம்பட்டியிலும் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்துக் கட்டிய வீடுகள். பீரோவை உடைத்துச் சான்றிதழையும் எரித்தார்கள். குடிசையாக இருந்ததால் எரியவில்லை, வீடாக ஆனதால் எரிந்தது. வறுமை மட்டும்தான் பிரச்சினை என்றால் வறுமையை விட்டு வெளியே வந்த வீட்டுக்கு ஏன் தீ?

எங்கள் தென்காசிப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் 1981-ல் நூற்றுக்கணக்கானோர் இஸ்லாத்துக்குப் போனபோது டெல்லியே பதறியது. அரபுப் பணம் என்றார்கள். மடாதிபதிகளும் தலைவர்களும் காரில் வந்து இறங்கினார்கள். அவ்வளவு பேரில் ஒருவர்கூட, “வாங்க, எங்க தெருவுல ஒரு வீடு காலியா இருக்கு” என்று சொல்லவில்லை. தெரு மாற முடியாதவர்கள் மதம் மாறினார்கள். வேறென்ன செய்வார்கள்?

தென் மாவட்டம் பற்றி எரிந்த தொண்ணூறுகளின் கடைசியில் கருணாநிதி சமத்துவபுரம் கொண்டுவந்தார். 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவது. நூறு வீட்டில் நாற்பது தலித்துகளுக்கு, இருபத்தைந்து பிற்பட்டோருக்கு, இருபத்தைந்து மிகப் பிற்பட்டோருக்கு, பத்து மற்றவர்க்கு. பெரியார் சிலை, பொதுச் சுடுகாடு. அப்போது நம்மில் பலர் கிண்டல் செய்தார்கள். ஊரை மாற்றத் தைரியம் இல்லாமல் ஊருக்கு வெளியே ஒரு பொம்மை ஊர் கட்டுகிறார்கள் என்று. அந்த விமர்சனத்தில் உண்மை உண்டு. சேரி சேரியாகவே இருந்தது, ஊர் ஊராகவே இருந்தது. நடுவில் பொட்டலில் நூறு வீடு. ஆனால் யாருக்குப் பக்கத்தில் யார் குடியிருப்பது என்பதை வீட்டுத் திட்டத்தின் கேள்வியாக வைத்த அரசுத் திட்டம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். இருநூறுக்கும் மேல் கட்டினார்கள், எல்லாம் கிராமப்புறத்தில். சாதியை ஒழித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் நகரத்தில் ஒன்றுகூட ஏன் இல்லை? அண்ணா நகரில், கோவை ரேஸ்கோர்ஸில், பாளையங்கோட்டை மகாராஜ நகரில் நூறு வீட்டில் நாற்பது வீடு நமக்கு என்று சொல்லிப் பார்க்கட்டும். பெரும்பாக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு நமக்குத் தரத் தயாராக இருப்பவர்கள், நகரத்தின் நடுவில் நாற்பது தரட்டும்.

கேட்க வேண்டியதை இப்போதே கேட்போம். தென்காசி இன்னும் சென்னை ஆகவில்லை. கல் ஊன்றிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். 2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் ஒரு ஷரத்து இருக்கிறது. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைப் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்குச் சின்ன மனைகளாக ஒதுக்க வேண்டும். சாதி என்ற சொல் அதில் இல்லைதான். நலிந்த பிரிவு என்று சொல்லி யார் யாருக்கோ எழுதிவைக்கவும் இடம் இருக்கிறது. ஆனாலும் சட்டம் நம்ம கைக்குக் கொடுத்த ஒரே கடப்பாரை அதுதான். இரண்டரை ஏக்கருக்கு மேல் வயல் மனையான இடம் எங்கள் பக்கத்தில் கொஞ்சமா? அந்தப் பத்து சதவீதம் எங்கே, எந்தச் சர்வே எண்ணில், யார் பெயரில் பத்திரமாகியிருக்கிறது? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் வில்லை ஒட்டி நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குக் கேள்வி அனுப்புங்கள். படிக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு பேரூராட்சிக்கும் நாலு பேர் உட்காருங்கள். மனைப்பிரிவு வரைபடத்தை வாங்கிப் பழைய ‘அ’ பதிவேட்டோடு வைத்துப் பாருங்கள், அடியில் பஞ்சமி நிலம் இருக்கிறதா என்று. வரைபடத்தில் அந்தச் சின்ன மனைகளைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று ஊர்க் கிழவியிடம் கேட்டால் காட்டிவிடுவாள்.